நிலநடுக்கச் சாவும் தேவ சித்தமும்

அன்புச் சகோதரிக்கு வணக்கம். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் மியான்மரின் மண்டலே நகரில் தங்கள் தம்பி இறந்தது குடும்பத்தின் பாவத்துக்குத் தேவன் கொடுத்த தண்டனை என்று சபையில் சிலர் சொன்னதால், ஜெபிக்கவே மனம் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பேச்சை இயேசுவே மறுத்திருக்கிறார்: சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேர், எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்லர் என்று லூக்கா 13-ஆம் அதிகாரத்தில் சொல்கிறார். (துக்க வீட்டுக்கு வேதாகமத்தோடு வருகிறவர்கள் இந்தப் பகுதியை ஏனோ திறப்பதில்லை.)

தேவன் தீமையையும் நன்மையாக முடியப்பண்ணினார் என்று, சகோதரர்களால் அடிமையாக விற்கப்பட்ட யோசேப்பு சொன்னது உண்மைதான். ஆனால் அதைப் பல ஆண்டுகள் கழித்து, பாடுபட்டவரே தம் வாயால் சொன்னார். அந்த யோசேப்பின் இரத்தம் தோய்ந்த அங்கியைப் பார்த்து, மகன் இறந்துவிட்டான் என்று அழுத தகப்பன் யாக்கோபோ எவருடைய ஆறுதலையும் ஏற்கவில்லை. அதற்காக வேதம் அவரைக் கடிந்துகொள்ளவும் இல்லை. ஜெபிக்கச் சொற்கள் வராவிட்டால், இருளிலேயே முடிகிற 88-ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். அந்த முறையீடும் ஜெபமே.