முறைக்கம்பு இப்ப யார் வீட்டு வாசல்ல இருக்கு?

அன்புள்ள அக்காவுக்கு,

தேவிபட்டினம் பக்கத்துல ஒரு ஊர்ல இருந்து எழுதுறேன். 2013-ல நாங்க பதினஞ்சு பேர் சேந்து ஒரு சேவை மன்றம் ஆரம்பிச்சோம். சாயங்கால டியூஷன், ரத்ததானம், ஊருணி தூர்வாருறதுன்னு எங்களால ஆனதச் செஞ்சோம். இதுவரைக்கும் 11 ஊருணி தூர்வாரியிருக்கோம். இப்ப பாதிப்பேரு துபாய், சிங்கப்பூர்னு போயிட்டாங்க, ஊர்ல நிக்கிறது நாலஞ்சு பேர்தான். சங்கமா பதிஞ்சு 12ஏ, 80ஜின்னு வருமானவரிச் சலுகைப் பதிவெல்லாம் வாங்கியாச்சு. ஒரு கம்பெனி சிஎஸ்ஆர் பணம், அதான் லாபத்துல சமூக வேலைக்குன்னு ஒதுக்குற பணம் தர்றோம், அஞ்சு வருஷத்துல 50 ஊருணி பண்ணுங்கன்னு சொல்றாங்க. சிவகங்கை, புதுக்கோட்டை வரைக்கும் போகலாம்னு பேச்சு. 9 பேர் கமிட்டி போட்டு 22 பக்கத்துல விஷன் டாக்குமெண்ட் எழுதியிருக்கோம், இதோட அனுப்புறேன். சம்பளத்துக்கு ஆள் போடலாமா? மன்றத்தோட பேர மாத்தணுமா? டியூஷன விட்டுட்டு தண்ணி வேலைய மட்டும் எடுத்துக்கலாமா? ராத்திரி தூக்கம் வரல அக்கா. எனக்கு 34 வயசாச்சு, ஊருக்கு உழைச்சு என்னத்தக் கண்டீங்கன்னு வீட்ல கேக்குறாங்க.

(பேர் போட வேண்டாம்னு கேட்டுருக்காரு, அதனால போடல.)

தம்பி,

தம்பின்னு எழுதிட்டேன், இனிமே நீ-ன்னே எழுதுறேன், தப்பா எடுத்துக்காத. முதல்ல தூங்கு. வீட்ல கேக்குறது ஞாயமான கேள்வி, பன்னண்டு வருஷமா ஞாயித்துக்கிழமைய எல்லாம் மன்றத்துக்குக் குடுத்திருக்க, அந்தப் புள்ள கேக்காம வேற யாரு கேப்பா, ஒளியாம உக்காந்து பதில் சொல்லு.

பேர மாத்துறதப் பத்தி எனக்கு ஒண்ணும் சொல்லத் தோணல, மாத்தினாலும் ஊர்ல பழைய பேரச் சொல்லித்தான் உங்களக் கூப்பிடப் போறாங்க. டியூஷன விடாத, அதுல யோசிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. சம்பளத்துக்குக் கணக்கு எழுத ஒரு ஆளு கட்டாயம் போடு. 1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்துல சங்கமா பதிஞ்சாச்சுன்னா வருஷா வருஷம் பொதுக்குழு கூட்டணும், தணிக்கை பண்ணணும், மாவட்டப் பதிவாளர்கிட்ட தாக்கல் பண்ணணும், இதையெல்லாம் வேலைக்குப் போயிட்டு வந்து ராத்திரி பத்து மணிக்கு எழுதுற ஒருத்தன் தலையில கட்டினா ரெண்டே வருஷத்துல அவன் மன்றத்தையே வெறுத்துருவான். அவ்வளவுதான், உன் மூணு கேள்வியும் முடிஞ்சுச்சு.

இப்ப நான் சொல்ல நெனச்சது. அந்த 22 பக்கத்த ரெண்டு தடவ படிச்சேன். கோபமா வந்துச்சு, உன் மேல மட்டும் இல்ல, எதனாலன்னு பின்னாடி சொல்றேன். எத்தன ஊருணி, எத்தன கனமீட்டர் மண்ணு, எத்தன பயனாளின்னு எல்லாம் இருக்கு. தூர்வாரின மறுநாள்ல இருந்து அந்த ஊருணிய யாரு பாத்துக்குறதுன்னு தேடித் தேடிப் பாத்தேன், 19-வது பக்கத்துல ஒரு கட்டத்துக்குள்ள "பஞ்சாயத்திடம் ஒப்படைப்பு"ன்னு ரெண்டே வார்த்தை. கமிட்டியில 9 பேரு, 9 பேரும் ஆம்பளைங்க. இதுல எத்தன பேரு இடுப்புல குடம் வச்சுக் கரையேறுனவங்க? உங்க ஊர்ல தண்ணியப் பத்தி அம்புட்டும் தெரிஞ்ச பொம்பளைங்க இருக்கையில அவங்கள்ல ஒருத்தரக்கூட கேக்காம ஊருணிக்கு அஞ்சு வருஷத் திட்டம் போட உங்களுக்கு எப்படிடா மனசு வந்துச்சு?

எங்க ஊரு திருப்புல்லாணிக்குத் தெற்க, சேதுக்கரை போற பக்கம். கடல் காத்து வீட்டுக்குள்ள வந்து பித்தளப் பாத்திரத்த எல்லாம் பச்சையாக்கிரும், அம்புட்டு கிட்ட. குடிக்கிறதுக்கு இருந்தது ஒரே ஒரு ஊருணி. கரையேறும்போதே செருப்பக் கழட்டிரணும், உள்ள கால் நனைக்கக்கூடாது, சோப்பு, துணி, ஆடு, மாடு எதுவும் கூடாது. இத யாரும் போர்டுல எழுதி வைக்கல. ஒரு கம்பு இருந்துச்சு, பூவரசங்கம்பு, ஆளு ஒசரம், கைபட்டுக் கைபட்டு வழவழன்னு ஆயிருக்கும், முறைக்கம்புன்னு சொல்லுவோம். இன்னைக்கு எங்க வீட்டு முறைன்னா வெள்ளன இருந்து பொழுது அடையுற வரைக்கும் வீட்ல ஒருத்தரு ஊருணிக்கரையில இருக்கணும், பொழுது அடைஞ்சதும் அந்தக் கம்பக் கொண்டுபோயி அடுத்த வீட்டு வாசல்ல சாத்தி வச்சுட்டு வந்துரணும். கதவத் தட்டிச் சொல்ல வேண்டாம். காலையில கதவத் திறக்கையில கம்பு சாஞ்சிருந்தா இன்னைக்கு நம்ம முறை. பேசாம இருக்குற வீட்டு வாசல்லயும் அந்தக் கம்பு போயி சாயும், அதுல சண்டை சச்சரவு பாக்க மாட்டாங்க.

எங்க அப்பத்தா முறைன்னா நானும் கூடப் போயிருவேன். அவங்க சும்மா உக்காந்திருக்க மாட்டாங்க. ஊருணிக்கு மழைத்தண்ணி வர்ற வரத்துக்கால்ல முளைச்ச சீமைக்கருவேலங்கன்னப் புடுங்கிக்கிட்டே இருப்பாங்க, மொளையா இருக்கையில ரெண்டு விரல்ல புடுங்கிரலாம், ஒரு வருஷம் விட்டா அருவா வேணும், வெட்டினாலும் வேர் கெடந்து மறுபடி தழையும், ஆடு காயத் தின்னுட்டு புழுக்க போடுற எடத்துல எல்லாம் புதுசாவும் மொளைக்கும். வீட்டுக்கு வந்ததும் தேத்தாங்கொட்டைய எடுத்து மண்பானை உள்பக்கம் சுத்திச் சுத்தி உரசுவாங்க, அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு, அப்புறம் வேட்டித் துணியில வடிகட்டி ஊத்தி மூடி வச்சுருவாங்க. விடிஞ்சு பாத்தா கலங்கல் எல்லாம் அடியில படிஞ்சு மேல தண்ணி கண்ணாடி மாதிரி நிக்கும்.

இப்ப கோபத்துக்குக் காரணம் சொல்றேன். 2001-ல எனக்கு 24 வயசு. நாங்களும் ஒரு மன்றம் வச்சிருந்தோம், உன்ன மாதிரியே நல்ல புள்ளைங்க, உன்ன மாதிரியே துடிப்பு. வெளியூர்ல இருந்த ஒரு பெரிய மனுசரு ஊருணிய ஆழப்படுத்துங்கன்னு மூணு நாள் பொக்லைன் வாடகைக்குப் பணம் குடுத்தாரு. ஒண்ணரை நாள்லயே வண்டல் எல்லாம் அள்ளியாச்சு, வேலை முடிஞ்சுச்சு. ஆனா வாடகை மூணு நாளைக்குக் குடுத்தாச்சுல்ல, வண்டி சும்மா நிக்குதுல்ல, அதனால தோண்டினோம். ஆழமாத் தோண்டினா நெறையத் தண்ணி நிக்கும்னு நெனச்சோம். கரையில நின்ன ஒரு பெரியவரு, "களித் தட்டு வந்துருச்சு, நிப்பாட்டுங்கப்பா"ன்னாரு. நாங்க கேக்கல, அதுவும் நான்தான் டிரைவர்கிட்ட இன்னும் ரெண்டு அடி போங்கண்ணேன்னு கை காட்டுனேன்.

எங்க பக்கம் மண்ணு எப்படி இருக்குன்னா, மேல வண்டல், அதுக்கு அடியில களிமண்ணு ஒரு தட்டு, அதுக்கும் கீழ மணல், அந்த மணலுக்குள்ள உப்புத்தண்ணி. மழைத்தண்ணி இனிப்பா நின்னதுக்குக் காரணமே அந்தக் களித் தட்டுதான், நாங்க அதக் கிழிச்சுட்டோம். தனுஷ்கோடியில மணல்ல ஊத்து தோண்டி அகப்பையில அள்ளுறவங்களக் கேட்டுப்பாரு, கடலுக்கு எட்டுற தூரத்துல ரெண்டடியில நல்ல தண்ணி வரும், ஆசப்பட்டு இன்னும் தோண்டினா கரிச்சுரும்பாங்க. நல்ல தண்ணி லேசு, உப்புத்தண்ணி கனம், லேசான தண்ணி மேல மிதந்துக்கிட்டு நிக்குது. இது எனக்குத் தெரியாதா? சின்னப்புள்ளையில இருந்து தெரியும். தெரிஞ்சும் மூணு நாள் வாடகை கண்ண மறைச்சுருச்சு.

ஐப்பசியில நல்ல மழை, ஊருணி தளும்புச்சு, போட்டோ எல்லாம் எடுத்தோம். தை பொறந்து பதினஞ்சு நாள் இருக்கும், அப்பத்தா ஒரு குடம் எடுத்துட்டு வந்து திண்ணையில எறக்கி விரல விட்டு நாக்குல வச்சாங்க. அந்த மொகத்த நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். "கரிக்குதுத்தா"ன்னு மட்டும் சொன்னாங்க. என்ன ஒரு வார்த்தை திட்டல. அதுக்கப்புறம் எங்க ஊரு பொம்பளைங்க எல்லாம் நாலு சக்கரத் தள்ளுவண்டியில ஆறு குடம் அடுக்கிக்கிட்டு ரெண்டு கிலோமீட்டர் தள்ளிப் போனாங்க, அதுல வயித்துப்புள்ளக்காரியும் இருந்தா. கண்மாயில இருந்து களிமண்ணு கொண்டாந்து கொட்டி மிதிச்சுப் பாத்தோம், இன்னைக்கும் முழுசா சரியாகல. அப்புறம் திருச்சிப் பக்கமிருந்து காவிரித் தண்ணி குழாய்ல வந்துச்சு, அதோட ஊருணிக்குக் காவல் போறதும் நின்னுச்சு. கம்பு யார் வீட்டு வாசல்ல கடைசியா சாஞ்சுச்சோ அங்கயே நின்னுருச்சு. போன பங்குனியில ஊருக்குப் போனப்ப குழாய்ல ஆறு நாளாத் தண்ணி வரல, ஊருணிக்குள்ள பாட்டிலும் கேரிபேக்கும் கெடக்கு, கரையில நின்னு பாத்துட்டு வந்தேன். அதையே நெனச்சுக்கிட்டு இருந்த நேரத்துலதான் உன் கடிதம் வந்துச்சு.

அந்தக் கம்பெனிய நான் குத்தம் சொல்லல. பெரிய கம்பெனிங்க லாபத்துல 2 சதவீதம் இப்படிச் செலவழிக்கணும்னு 2013 கம்பெனிச் சட்டம் சொல்லுது, அவங்க செய்யுறாங்க, வாங்குறவங்களுக்கு மூணு வருஷ அனுபவம் வேணும்னு கேக்குறாங்க, உங்களுக்கு இருக்கு. ஆனா தொடர்ந்து நடக்குற திட்டம்னு அந்த விதியில சொல்லியிருக்கறதே, ஆரம்பிச்ச வருஷம் போக அதிகபட்சம் மூணு வருஷம்தான். நீ கையில எடுக்கப்போறது முப்பது வருஷ வேலை. பணம் நின்னதுக்கு மறு வருஷம் பங்குனி மாசம் அந்த 50 ஊருணிக்கரையிலயும் யாரு நிப்பா, சொல்லு? ஊர்ல நிக்கிறது நாலஞ்சு பேருன்னு நீயே எழுதியிருக்க. சிவகங்கை வரைக்கும் போறேங்கிற, உன் ஊர்ல இருந்து மூணாவது ஊருணிக்குக் கடைசியா எப்பப் போன? 50-ங்கிற எண்ணு எங்கிருந்து வந்துச்சு, ஊருல இருந்தா, இல்ல அவங்க குடுக்குற தொகைய ஒரு ஊருணிக்கு ஆகுற செலவால வகுத்து வந்துச்சா? எங்களுக்கு மூணு நாள் வாடகை, உங்களுக்கு 50, ரெண்டும் ஒண்ணுதான் தம்பி. கோவிச்சுக்காம யோசி.

பணம் வாங்காதன்னு சொல்ல வரல. வாங்குறதுக்கு முன்னாடி இதச் செய்யி. 11 ஊருணி பண்ணியிருக்கீங்கல்ல, 11-க்கும் போங்க. கமிட்டியில நாலு பொம்பளைங்களச் சேத்துக்கிட்டுப் போங்க, டியூஷன் புள்ளைங்களையும் கூட்டிட்டுப் போங்க, அவங்க எழுதட்டும். தண்ணி நிக்குதா, வரத்துக்கால் திறந்திருக்கா, யாரும் வீட்டக் கட்டி மறிச்சிருக்காங்களா, கருவேலம் எவ்வளவு ஒசரம், கிட்டக்க இருக்குற நாலு வீடு யாரு வீடு. தண்ணியில கரைஞ்சிருக்குற உப்ப அளக்குற டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாதான், ஒண்ணு வாங்கிக்க. குடிதண்ணிக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைக்கும் நல்லது, வேற வழியே இல்லைன்னா 2000 வரைக்கும்னு இந்தியத் தர நிர்ணயம் இருக்கு, கடல் தண்ணி 35,000 பக்கம். மழை முடிஞ்சதும் ஒரு தடவ, பங்குனியில ஒரு தடவ அளந்து நோட்டுல எழுது, ரெண்டுக்கும் நடுவுல எண்ணு எகிறிச்சுன்னா அந்த ஊருணிய இனிமே ஒரு அடிகூட யாரும் ஆழப்படுத்தக்கூடாதுன்னு தெரிஞ்சுரும். நம்ம ராமநாதபுரம் மாவட்டத்துல வருஷத்துக்கு 800 மில்லிமீட்டர் சுமாரா மழை, அதுல பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில வந்துட்டுப் போயிரும், அதனால வரத்துக்கால் வேலைய எல்லாம் புரட்டாசிக்குள்ள முடிச்சாகணும். தூர்வாராத வருஷத்துலயும் இந்த வேலை உண்டு. ரிப்பன் வெட்ட ஆள் வராது, ஃப்ளெக்ஸ் கிடையாது, அதனால இந்த வேலைக்கு நாலு பேர் வந்தாலே போதும், துபாயில இருக்குறவங்க மாசம் ஒரு போன் பண்ணி அளவு என்னன்னு கேக்கட்டும், அதுவும் காவல்தான்.

நோட்டு எழுதினதுக்கு அப்புறம் கம்பெனிக்காரங்ககிட்டப் போயி, 50 வேண்டாம், இந்த 11-க்கும் வரத்துக்கால் வெட்டவும் கரை கட்டவும் மூணு வருஷத்துக்குக் குடுங்கன்னு கேளு. தந்தா வாங்கிக்க. இல்லைன்னா மம்பட்டி இருக்கு.

நீ நல்ல புள்ள. நான் இவ்வளவு நேரம் திட்டுறதே உன் கடிதத்துல "ஏதோ பண்ணோம்"னு இல்லாம "எங்களால ஆனதச் செஞ்சோம்"னு இருந்ததாலதான். ஆவணி முடியுறதுக்குள்ள 11-க்கும் போயிட்டு வா. போற எடத்துல எல்லாம் மீட்டர விடுறதுக்கு முன்னாடி விரல விட்டு நாக்குல வச்சுப் பாரு, எந்தெந்த ஊருணி கரிக்குதுன்னு எனக்கு எழுது.

அக்கா