குருவி கிளறுவது வேரை அல்ல, சருகை

கேள்வி: ஐயா, நத்தம் பக்கம் 3 ஏக்கர் மாந்தோப்பு. ஐப்பசி பிறந்ததிலிருந்து பச்சை முதுகு, நீல இறக்கை, அடிவயிற்றில் சிவப்பு என்று ஒரு குட்டைவால் குருவி மரத்தடியைக் கிளறுகிறது. வேருக்குக் கெடுதலா? வேரில் புழு இருக்கிறது, குருணை மருந்து போடுங்கள் என்கிறார் பூச்சிமருந்துக் கடைக்காரர். சருகைக் கூட்டி எரித்த பக்கத்துத் தோப்பில் இந்தத் தொல்லை இல்லை. முற்றத்தில் ஒரு குருவி விழுந்து கிடந்தது, பிள்ளைகள் கூண்டில் வைத்து அரிசி போடுகிறார்கள்.

பதில்: முதலில் கூண்டைத் திறங்கள். அது ஆறுமணிக்குருவி, அரிசியைத் தொடாது. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு நம் பக்கமும் இலங்கைக்கும் வருகிறது. கண்டம் தாண்டி வரும் பறவைகளோடு பார்த்தால் இது கிட்டத்துப் பயணம்தான், ஆனாலும் இரவில் பறந்து வருவதால் களைத்துப்போய் வீட்டு வாசலில் விழுவதுண்டு. ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக, பூனைக்கு எட்டாமல் வையுங்கள், தெளிந்ததும் தோப்பில் விடுங்கள். இறக்கை ஒடிந்திருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

வேருக்கு ஒன்றும் ஆகாது. அலகால் சருகைப் புரட்டிப் பூச்சியும் புழுவும் தின்கிறது, அவ்வளவுதான்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு: பக்கத்துத் தோப்புக்கு அது ஏன் போகவில்லை? அங்கே தின்ன ஒன்றும் இல்லை. சருகை எரிப்பவர்களைப் பார்த்தாலே எனக்கு ஆத்திரமாக வரும். மரம் வருஷம் முழுக்கச் சேர்த்துக் கொட்டியதைக் கொளுத்திவிட்டு, அப்புறம் கடையில் போய் உர மூட்டை வாங்குவார்கள், தை முடிவதற்குள் மண் காய்ந்துவிட்டது என்று புலம்புவார்கள். சருகு கிடந்தால் ஈரம் நிற்கும், மண்புழு மேலே வரும், மண் பொலபொலவென்று இருக்கும். அதற்காக எல்லாவற்றையும் அப்படியே போட்டு வைக்கச் சொல்லவில்லை. விழுந்த அழுகல் பழத்தைப் பொறுக்கி ஆழக் குழியில் புதையுங்கள், பழ ஈ அதிலிருந்துதான் பெருகும். அடிமரத்தை ஒட்டி ஓர் அடிக்குச் சருகை விலக்கிவிடுங்கள், கரையான் ஏறினால் கண்ணில் படும்.

குருணை விஷயம். மரம் வாடவில்லை, இலை பழுக்கவில்லை, ஒருவரும் வேரைத் தோண்டிப் பார்க்கவில்லை, குருவி வந்ததை வைத்துப் புழு என்கிறார்! அது வைத்தியம் இல்லை, வியாபாரம். பையில் என்ன பெயர் என்று பாருங்கள். போரேட் என்றால் 2020 டிசம்பர் 31-லிருந்தே தடை. குருணையை மண்ணில் போட்டால் மண்புழு சாகும், பொறுக்கித் தின்னும் குருவியும் உங்கள் வீட்டுக் கோழியும் சேர்ந்து சாகும். உண்மையிலேயே வெள்ளைப்புழு கண்டால் மெட்டாரைசியம் என்ற, புழுவைக் கொல்லும் பூஞ்சையை மக்கிய எருவில் கலந்து, மண் ஈரமாக இருக்கும்போது போடுங்கள்.

கடைக்காரர் இன்னும் வற்புறுத்தினால், மருந்தின் பெயர் எழுதி பில் போட்டுத் தரச் சொல்லுங்கள். தருகிறாரா பார்ப்போம்.