நிழல் தெற்கே விழும் மாதங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய ஆங்கில அகராதி ஒன்றில் 'ஆம்ஃபிஸ்கியன்' என்ற சொல்லைப் பார்த்தேன். வெப்ப மண்டலத்தில் வசிப்பவர், உச்சிவேளை நிழல் சில மாதம் வடக்கேயும் சில மாதம் தெற்கேயும் விழுபவர் என்று பொருள் போட்டிருக்கிறது. அப்படியென்றால் நாமுமா? நிழல் வடக்கே விழும் என்றுதான் பள்ளியில் படித்த நினைவு.

ம., சென்னை

அன்புள்ள ம.,

நாமேதான். கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் நடுவில் இருக்கும் எல்லோரும் இதில் சேர்த்தி. கிரேக்கர்கள் பூமியின் மண்டலங்களை நிழலை வைத்தே பிரித்தார்கள். கிரேக்க அறிஞர் பொசிடோனியஸ் சொன்ன பிரிவு என்று புவியியல் எழுதிய ஸ்டிராபோ எழுதிவைத்திருக்கிறார்.

சென்னையில் ஏப்ரல் 24 வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அப்புறம் ஆகஸ்ட் 18 வாக்கில் மறுபடியும். இடைப்பட்ட ஏறக்குறைய நான்கு மாதமும் நண்பகலில் சூரியன் நமக்கு வடக்கே, நிழல் தெற்கே. மொட்டை மாடியில் ஒரு மீட்டர் கம்பு ஒன்றை நேராக நிறுத்திப் பாருங்கள். ஜூன் 21 அன்று தெற்கே சுமார் 18 சென்டிமீட்டர்தான் நிழல். டிசம்பர் 21 அன்று வடக்கே 74. நீளமான நிழல்தான் கண்ணில் படுகிறது. கோடை நிழல் காலடியிலேயே ஒடுங்கிவிடுவதால் அது எந்தப் பக்கம் என்று நாம் கவனிப்பதில்லை. பார்க்கும்போது கடிகாரப் பன்னிரண்டை நம்ப வேண்டாம். சென்னையின் உச்சிப்பொழுது ஏப்ரல் 24 வாக்கில் 12.07, ஜூன் 21 வாக்கில் 12.11.

நம் முன்னோர் கவனித்தார்கள். சங்க நூலான நெடுநல்வாடையில் அரண்மனைக்கு மனை வகுக்கும் இடத்தைப் படியுங்கள். இரண்டு கோல் நட்டு, சூரியன் 'ஒருதிறம் சாரா அரைநாள் அமயத்து', அதாவது எந்தப் பக்கமும் சாயாத நண்பகலில், திசை குறித்து, நுணுக்கமாகக் கயிறு பிடிக்கிறார்கள். உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதைச் சித்திரை மாதம் என்கிறார். சென்னைக்கும் மதுரைக்கும் வருஷத்தில் நிழல் சாயாத முதல் நாள் இன்றும் சித்திரையில்தான் வருகிறது. எனக்கு அந்த அகராதிச் சொல்லைவிட இந்த வரி பெரிது.

இன்னொன்று. கிளாடியஸ் பேரரசர் காலத்தில் இலங்கையிலிருந்து ரோமுக்குப் போன தூதர்கள், அங்கே தங்கள் நிழல் வடக்கே விழுவதைக் கண்டு வியந்தார்கள் என்று ரோம எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். தங்கள் ஊரில் அது தெற்கேதான் விழும் என்றார்களாம். இதை அப்படியே ஏற்க முடியவில்லை. இலங்கையிலும் பாதி வருஷத்துக்கு மேல் நிழல் வடக்கேதான் விழுகிறது. ரோமில் கோடை உச்சத்திலும் அது தெற்குப் பக்கம் திரும்பவில்லையே என்றுதான் அவர்கள் திகைத்திருப்பார்கள். பிளினி அதை முழுதாக வாங்கிக்கொள்ளவில்லை என்பது என் எண்ணம்.