நிறுவனம் கைமாறியதால் ரொக்கமாக மாறிய பங்கைக் கணக்கில் எப்படி முடிப்பது?

கேள்வி: கோத்தகிரியில் சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறேன். முன்பு மென்பொருள் வேலையில் இருந்தபோது, அமெரிக்கப் புரோக்கர் ஒருவர் வழியாக ட்விட்டர் பங்குகளை வாங்கினேன்: 2019 ஜூனில் 35 டாலர் விலையில் 25 பங்குகள், 2021 மார்ச்சில் 62 டாலர் விலையில் 15 பங்குகள். நிறுவனம் கைமாறியபோது 40 பங்குகளும் மறைந்து, 2022 நவம்பர் 1 அன்று 2,168 டாலர் வந்தது. நான் எதையும் விற்கவில்லையே என்று அதை க்னூகேஷ் என்ற கணக்கெழுதும் மென்பொருளில் ஈவுத்தொகையாக (டிவிடெண்ட்) எழுதிவிட்டேன். இன்றும் அதில் 40 பங்குகள் இருப்பதாகவே காட்டுகிறது. எப்படித் திருத்துவது?

பதில்: நீங்கள் விற்கச் சொல்லவில்லை என்றாலும், நடந்தது விற்பனைதான். எலான் மஸ்க் ட்விட்டரை வாங்கி முடித்த 2022 அக்டோபர் 27 அன்றே, ஒவ்வொரு பங்கும் 54.20 டாலர் ரொக்கம் பெறும் உரிமையாக மாறிவிட்டது. நாற்பதை 54.20 ஆல் பெருக்கிப் பாருங்கள், உங்கள் 2,168 டாலர் சரியாக வரும். ட்விட்டர் ஒருமுறைகூட ஈவுத்தொகை கொடுத்ததில்லை. கொடுத்திருந்தாலும், இந்தியாவில் வசிக்கும் தனிநபருக்கு அமெரிக்காவில் பொதுவாக 25 சதவீத வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்பியிருப்பார்கள்.

இப்போதைய பதிவில் உங்கள் சொத்து இரட்டிப்பாகத் தெரியும். கடைசியாக வர்த்தகமான 53.70 டாலர் விலையில் 40 பங்குகள் 2,148 டாலருக்கு நிற்க, அவற்றுக்குக் கிடைத்த ரொக்கமும் பக்கத்திலேயே நிற்கிறது. பங்கின் விலையைப் பூஜ்யமாக்கினால் இது மறையும் என்று சிலர் செய்வதுண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வாங்கிய விலையும் கிடைத்த ஆதாயமும் எங்குமே பதிவாகாமல் போய்விடும்.

முதலில் தேதியைத் தீர்மானிக்க வேண்டும். கொழுந்தை எடை போட்டு ஃபாக்டரி லாரியில் ஏற்றிய நாளில்தான் அதை உங்கள் நோட்டில் எழுதுவீர்கள். பணம் அடுத்த மாதம் வந்தாலும் எடைச்சீட்டின் தேதி மாறுவதில்லை. இங்கும் விற்பனைத் தேதி அக்டோபர் 27, பணம் வந்த தேதி நவம்பர் 1. இந்த ஐந்து நாள் வித்தியாசம் வரியையும் தொடும். வெளிநாட்டுப் பங்கின் மூலதன ஆதாயத்தை ரூபாயாக மாற்ற, விற்பனை நடந்த மாதத்துக்கு முந்தைய மாதத்தின் கடைசி நாளில் ஸ்டேட் வங்கி டாலரை வாங்கும் 'தந்திவழிப் பரிமாற்ற' (TT) விலையை எடுக்க வேண்டும் என்கிறது வருமான வரி விதி 115. அக்டோபர் விற்பனை என்றால் செப்டம்பர் 30-ஆம் தேதி விலை. நவம்பர் என்று எழுதினால் தவறாக அக்டோபர் 31-இன் விலையை எடுத்துவிடுவீர்கள்.

ஆகவே, 'வரவேண்டிய தொகை' என்று ஒரு சொத்துக் கணக்கைத் திறந்துகொள்ளுங்கள். பங்குக் கணக்கில் அக்டோபர் 27 தேதியிட்டு, இரண்டு கொள்முதல்களையும் தனித்தனிப் பதிவுகளாக 54.20 விலையில் விற்றதாக எழுதுங்கள்: 25 பங்குகளுக்கு 1,355 டாலர், 15 பங்குகளுக்கு 813 டாலர். எதிர்ப்பதிவாக 2,168 டாலர் வரவேண்டிய தொகைக்குப் போகட்டும். பிறகு நவம்பர் 1 பதிவைத் திறந்து, அதில் ஈவுத்தொகை என்று இருக்கும் கணக்குக்குப் பதிலாக வரவேண்டிய தொகை கணக்கைத் தேர்ந்தெடுங்கள். அந்தப் பதிவில் ரொக்கக் கணக்கின் பகுதியைத் தொடாததால், புரோக்கர் அறிக்கையோடு ஏற்கெனவே சரிபார்த்தது கலையாது.

லாபத்தையும் நட்டத்தையும் தனியே எழுத வேண்டும், பலர் தவறுவது இந்த இடத்தில்தான். முதல் 25 பங்குகளின் அடக்க விலை 875 டாலர், எனவே லாபம் 480. அடுத்த 15 பங்குகளின் அடக்க விலை 930 டாலர், எனவே நட்டம் 117. க்னூகேஷில் பங்கு எண்ணிக்கையைப் பூஜ்யமாக விட்டு, 480 டாலரைப் பங்குக் கணக்கின் வாங்கும் பத்தியிலும் நீண்டகால ஆதாயம் என்ற வருமானக் கணக்கிலும் எழுதுங்கள். 117 டாலரை விற்கும் பத்தியிலும் குறுகியகால நட்டம் என்ற கணக்கிலும் எழுதுங்கள். பங்குக் கணக்கில் எண்ணிக்கை, தொகை இரண்டும் பூஜ்யமானால் பதிவு சரி. புரோக்கர் கட்டணம் பிடித்திருந்தால் அதற்கும் ஒரு பதிவு சேருங்கள்.

இரண்டையும் கூட்டி 363 டாலர் லாபம் என்று ஒரே பதிவில் முடித்துவிடத் தோன்றும். ஆனால் வெளிநாட்டுப் பங்கில் குறுகியகாலத்தையும் நீண்டகாலத்தையும் பிரிக்கும் எல்லைக்கோடு 24 மாதம்; 2019-இல் வாங்கியவை அதைத் தாண்டிவிட்டன, 2021-இல் வாங்கியவை தாண்டவில்லை. குறுகியகால நட்டத்தை நீண்டகால ஆதாயத்தில் கழிக்கச் சட்டம் இடம் தருகிறது. பிரித்து எழுதியிருந்தால்தான் அதைக் காட்ட முடியும். அந்த ஆண்டின் நீண்டகால ஆதாயத்துக்குப் பணவீக்கச் சரிக்கட்டலுடன் (வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிட்டு) 20 சதவீத வரி. இப்போது பேசப்படும் 12.5 சதவீதம் 2024 ஜூலை 23 முதல் நடந்த விற்பனைகளுக்கு உரியது.

இந்த விற்பனையை வருமான வரிப் படிவத்தில் காட்டினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை, எனக்கு அதுதான் கவலை. அது 2023-24 மதிப்பீட்டு ஆண்டைச் சேர்ந்தது, அதாவது 2022 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரையிலான வருமானம். வெளிநாட்டுச் சொத்து அட்டவணையிலும் இடம்பெற வேண்டும். டாலர் இன்னும் புரோக்கரிடமே இருந்தால், அந்த இருப்பை அடுத்தடுத்த ஆண்டுகளிலும் காட்ட வேண்டும். விட்டுப்போயிருந்தால், கூடுதல் வரியுடன் புதுப்பித்த படிவம் தாக்கல் செய்ய 2028 மார்ச் 31 வரை அவகாசம் உண்டு. தாமதிக்கத் தாமதிக்கக் கூடுதல் வரியின் விகிதமும் ஏறும். புரோக்கரின் அக்டோபர் 2022 அறிக்கையோடு இந்த மாதமே ஒரு பட்டயக் கணக்காளரைப் பாருங்கள்.