கிளிக் சத்தத்தை நம்பாதீர்கள்: கலிபோர்னியாவில் பைக்குக்குப் பெட்ரோல் போடுவது பற்றி

தம்பிக்கு வணக்கம். கோயம்புத்தூரிலிருந்து சான் ஹோசேக்கு வந்து மூன்று மாதங்கள் ஆகின்றன என்றும், ஒருவர் ஓட்டிய ஹோண்டா ரெபெல் 300 ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள் என்றும், முதல்முறை பெட்ரோல் போடப் போனபோதே டேங்க், இன்ஜின், போட்டிருந்த ஜீன்ஸ் எல்லாம் நனைந்துவிட்டன என்றும் எழுதியிருந்தீர்கள். "கார்க்காரர்கள் நாசிலைச் செருகிவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், எனக்கு மட்டும் ஏன் அண்ணா பொங்கி வழிகிறது?" என்ற கேள்வியைப் படித்தபோது சிரிப்பு வந்தது, 2008-இல் ஃப்ரீமாண்டில் நான் நின்ற நிலையும் அதுதான்.

ஊரில் நாம் எத்தனை ஆண்டுகள் வண்டி ஓட்டியிருந்தாலும் நாசிலை, அதாவது பெட்ரோல் ஊற்றும் குழாயின் முனையை, கையால் தொட்டிருக்க மாட்டோம். பங்க்கில் வண்டியை நிறுத்தி, மூடியைத் திறந்து, "ஜீரோ பாத்துக்குங்க" என்று ஊழியர் சொன்னதும் மீட்டரைப் பார்ப்பதோடு நம் வேலை முடிந்துவிடும். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான பைக்குகளுக்குப் பெட்ரோல் போட்டுப் பழகிய அந்தக் கையில் எவ்வளவு தேர்ச்சி இருந்தது என்பது, இங்கு வந்து நாமே விசையை அழுத்தும்போதுதான் தெரிகிறது. ஆகவே நீங்கள் சிந்தியதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் காரணத்தைத் தெரிந்துகொள்ளாமல் அடுத்த முறை போனால் மறுபடியும் சிந்தும்.

காரணம் இதுதான்: நிரம்பியதும் 'கிளிக்' என்று தானாக நின்றுவிடும் அந்த ஏற்பாடு காருக்காகச் செய்யப்பட்டது. நாசிலின் மூக்கு நுனிக்கு அருகில் ஒரு சிறிய துளை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெட்ரோல் பாயும் வேகம் நாசிலுக்குள் ஓர் உறிஞ்சும் இழுப்பை உண்டாக்குகிறது. அந்தத் துளை வழியாகக் காற்று உள்ளே வந்துகொண்டிருக்கும்வரை ஒன்றும் நடக்காது. பெட்ரோல் மேலேறித் துளையை மூடியதும் காற்று வரத்து நின்று, உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு இழுக்கப்பட்டு, விசை விடுபட்டுவிடுகிறது. காரில் டேங்க்குக்குப் போகும் நீண்ட குழாய்க்குள் மூக்கு ஆழமாக இறங்கி நிற்பதால், துளை மூடிய பிறகும் மேலே ஒரு சாண் அளவுக்கு இடம் மிச்சமிருக்கும். பைக்கில் அந்த நீண்ட குழாயே கிடையாது. மூடியைத் திறந்தால் நேராக டேங்க்தான்.

அதோடு, டேங்க்கின் வடிவத்தையும் நினைத்துப் பாருங்கள். அது வண்டியின் ஃப்ரேம் மேல் குதிரைச் சேணம் போல உட்கார்ந்திருக்கிறது. பெரும்பாலான வண்டிகளில் மூடிக்கு நேர் கீழே டேங்க்கின் அடித்தகடு மேடாக எழும்பியிருக்கும், ஆழமெல்லாம் இரு பக்கங்களிலும்தான். மூக்கை நேராகக் கீழ்நோக்கிப் பிடித்து விசையை முழுதாக அழுத்தினால், பெட்ரோல் அந்த மேட்டில் மோதி வந்த வழியே திரும்பிப் பீய்ச்சி அடிக்கிறது. இந்த நாட்டின் பம்புகளுக்குச் சட்டப்படி உள்ள உச்ச வேகம் நிமிடத்துக்கு 10 கேலன், அதாவது கிட்டத்தட்ட 38 லிட்டர். உங்கள் ரெபெலின் டேங்க் ஏறக்குறைய 3 கேலன். அந்த வேகத்தில் காலி டேங்க் நிரம்பப் பதினெட்டு விநாடி போதும். கடைசிக் கால் கேலன் ஒன்றரை விநாடியில் ஏறிவிடும் என்றால், கண் பார்த்து, மூளை சொல்லி, கை விசையை விடுவதற்குள் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இதற்கு மேல் கலிபோர்னியாவுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. நாசிலின் மூக்கைச் சுற்றி, கொல்லன் பட்டறைத் துருத்தி போல மடிப்பு மடிப்பாக ஒரு கறுப்பு ரப்பர் உறை இருந்திருக்குமே, அது பெட்ரோல் ஆவி காற்றில் கலக்காமல் பிடித்து நிலத்தடித் தொட்டிக்கே திருப்பி அனுப்புவதற்காக வைத்தது. பிற மாநிலங்கள் பலவற்றில், புதிய கார்களே அந்த ஆவியைத் தமக்குள் பிடித்துக்கொள்கின்றன என்பதால் இந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டார்கள்; இங்கே இன்னும் இருக்கிறது. அந்தத் துருத்தி அமுங்கினால்தான் பெட்ரோல் வரும்படி உள்ளே ஒரு பூட்டும் இருக்கிறது. காரில் நாசிலைத் தள்ளிச் செருகும்போது துருத்தி தானாக அமுங்கிக்கொள்ளும். பைக்கில் அப்படித் தள்ளினால் டேங்க் வாயைத் துருத்தி முழுதாக மூடிவிடும், உள்ளே எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது, மூக்கு அடித்தகட்டில் போய் முட்டும். நீங்கள் குருட்டாம்போக்கில் அழுத்தியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

நானும் 2008-இல் அப்படித்தான் செய்தேன். துருத்தியை டேங்க்கின் மேல் அழுத்திப் பிடித்து விசையை முழுதாக இழுத்தேன். பாதி நிரம்பும் முன்பே 'கிளிக்' என்று நின்றது. மறுபடி அழுத்தினேன், மறுபடி நின்றது. எரிச்சலில் நாசிலைக் கொஞ்சம் மேலே தூக்கி அழுத்தினேன். இப்போது துளை டேங்க்குக்கு வெளியே இருந்ததால் நிறுத்த ஆளில்லாமல், பெட்ரோல் ஊற்றுப்போல எழும்பி டேங்க்கின் இரு புறமும் வழிந்து, சூடாக இருந்த இன்ஜின் மேல் புகை போல ஆவியாகக் கிளம்பியது. உள்ளேயிருந்து ஊழியர் பெட்ரோலை உறிஞ்சும் துகள் நிறைந்த வாளியோடு ஓடிவந்து, "ஸ்டார்ட் மட்டும் செய்துவிடாதே" என்று சொல்லிவிட்டுத் தரையில் தூவினார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

இனி, செய்முறை. வண்டியை நிறுத்தும்போதே ஹோஸ் இருக்கையின் குறுக்கே இழுபடாமல் டேங்க்குக்கு வரும்படி பம்ப்பை ஒட்டி நிறுத்துங்கள். இங்குள்ள ஹோஸ் கனமானது, அது இழுக்கும் இழுப்பில்தான் மூக்கு டேங்க்கிலிருந்து நழுவுகிறது. இன்ஜினை அணைத்து, சைடு ஸ்டாண்டு போட்டு, வண்டியைவிட்டு இறங்கிவிடுங்கள். உட்கார்ந்தபடியே நிரப்புகிறவர்கள் இங்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். வண்டியை நிமிர்த்திப் பிடித்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும் என்பது அவர்கள் வாதம். எனக்கு அதில் உடன்பாடில்லை. சிந்தினால் முதலில் நனைவது உங்கள் தொடையும் அதற்கு மேலும்தான், அந்த நிலையில் காலை வீசி இறங்க முயன்றால் வண்டியும் கூடவே சாயும். மேலும், நிமிர்த்தி வைத்து விளிம்புவரை நிரப்பிவிட்டுப் பிறகு ஸ்டாண்டில் சாய்த்தால், பெட்ரோல் மூடியின் அடிவரை ஏறி நிற்கக்கூடும்.

ஒரு பழந்துணியை எப்போதும் வண்டியில் வைத்திருங்கள். அதை மடித்து டேங்க் வாயின் இடப்பக்கம், அதாவது வண்டி சாய்ந்திருக்கும் பக்கம், ஓர் அணைபோலச் சுற்றி வையுங்கள். நாசிலைப் பம்ப்பிலிருந்து எடுக்கும்போது மூக்கு வானத்தைப் பார்த்தபடியே டேங்க்கின் மேல்வரை வரட்டும். முன்னால் போட்டவர் விட்டுப்போன சொட்டு ஒன்று எப்போதும் அதில் இருக்கும், அது உங்கள் டேங்க்கின் பெயின்ட் மேல் விழ வேண்டாம். மூக்கின் உலோகம் டேங்க் வாயின் உலோகத்தைத் தொட்டபடி இருக்கட்டும். நிலைமின்சாரப் பொறி எழாமல் இருக்க அது உதவும்; குளிர்காலத்தில் ஜாக்கெட்டைக் கழற்றும்போது படபடவென்று கேட்குமே, அதே மின்சாரம்தான்.

இப்போது இடக்கையால் அந்த ரப்பர் துருத்தியை, நுனி வளையத்தைப் பிடித்து, கைப்பிடியை நோக்கிப் பின்னால் இழுத்துப் பிடியுங்கள். பூட்டு திறந்துகொள்ளும், மூக்கு வெளியே தெரியும், டேங்க்கின் உள்ளேயும் பார்க்கலாம். முதல்முறை அது சண்டி பண்ணும். ஸ்பிரிங் கடினமாக இருக்கும் நாசில்களும் உண்டு, அப்படியிருந்தால் பக்கத்துப் பம்ப்புக்குப் போங்கள். மூக்கை இரண்டு மூன்று அங்குலம் உள்ளே விட்டு, நேராக அல்லாமல் ஒரு பக்கமாக, ஆழமான பகுதியைப் பார்த்துச் சாய்த்துப் பிடியுங்கள். வலக்கை விரலால் விசையை மெல்ல, பால் காய்ச்சும்போது அடுப்பைச் சிம்மில் வைப்பதுபோல, கால்பங்கு மட்டும் அழுத்துங்கள். பெட்ரோல் டேங்க்கின் சுவரோடு வழுக்கி இறங்கும் சத்தம் கேட்கும். அது சலசலவென்று சீராக இருக்கும்வரை எல்லாம் சரி. நிரம்ப நிரம்ப அந்தச் சத்தம் ஏறிக்கொண்டே வரும், குடத்தில் தண்ணீர் பிடித்த காதுக்கு இது புதிதல்ல. கண் டேங்க்குக்குள்ளேயே இருக்கட்டும், மீட்டரைப் பார்க்கவே பார்க்காதீர்கள். விசையைத் தானாகப் பிடித்துக்கொள்ளும் கொக்கி ஒன்று கைப்பிடியில் இருக்கும். காருக்கு அது வசதி, பைக்குக்கு அதைத் தொடவே கூடாது. கையை எடுத்தால் நாசில் தன் எடையாலேயே வெளியே விழுந்து பெட்ரோலைக் கொட்டிவிடக்கூடும்.

எங்கே நிறுத்துவது என்பதில்தான் நம்மவர்கள் பலரும் தவறு செய்கிறோம். டேங்க் வாயிலிருந்து உள்ளே இறங்கும் உலோகக் கழுத்தின் அடிவிளிம்பைப் பெட்ரோல் தொடப்போகும்போதே நிறுத்திவிடுங்கள். கழுத்துக்குள் ஏற விடாதீர்கள். நிலத்தடித் தொட்டியிலிருந்து வருவது குளிர்ந்த பெட்ரோல். 15 டிகிரியில் நிரப்பிய 11 லிட்டர், அலுவலக வாகன நிறுத்தத்தில் வெயிலில் நின்று 40 டிகிரி சூடானால், கால் லிட்டர் அளவுக்குப் பெருகிவிடும். அந்தக் கால் லிட்டருக்கு இடம் விடாவிட்டால் அது ஆவி போகும் குழாய் வழியாக வெளியேறும். கலிபோர்னியாவில் விற்பதற்கென்று வரும் பைக்குகளில் பெட்ரோல் ஆவியைப் பிடிக்கக் கரி நிரப்பிய சிறு டப்பா ஒன்று இருப்பது வழக்கம். அதற்குள் திரவப் பெட்ரோல் போய்விட்டால் டப்பா கெட்டு, வண்டி இழுக்காமல் தகராறு செய்யும். "இன்னும் பத்து சென்ட்டுக்கு ரவுண்டாக்கிவிடலாம்" என்ற ஊர்ப் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள்.

நிறுத்தியதும் நாசிலை உடனே உருவாதீர்கள். விசையை விட்டு ஐந்து விநாடி பொறுத்து, மூக்கை டேங்க்குக்குள்ளேயே அரைவட்டம் திருப்பினால் உள்ளே தங்கியிருக்கும் சொட்டுகள் டேங்க்கிலேயே விழும். பிறகு துணியை மூக்கின் அடியில் பிடித்தபடி, நுனி மேலே பார்க்கும்படி எடுத்துப் பம்ப்பில் மாட்டுங்கள். மூடியைப் பூட்டியபின் அதைச் சுற்றி ஒருமுறை துடைத்துவிடுங்கள்.

கை பழகும்வரை ஒரு தந்திரம் சொல்கிறேன். கார்டை பம்ப்பில் தேய்க்காமல் உள்ளே போய், பம்ப் எண்ணைச் சொல்லி முன்கூட்டியே ஒரு தொகையைக் கட்டிவிடுங்கள். பலகையில் கேலன் 5 டாலர் என்று இருந்து, உங்கள் டேங்க்கில் ஒரு கேலன்தான் மிச்சம் என்றால், 8 டாலர் கொடுங்கள். அந்தத் தொகை நெருங்கும்போது பம்ப் தானே வேகத்தைக் குறைத்து, துளித்துளியாக விட்டு நின்றுவிடும்; வழிவதற்குரிய அளவே டேங்க்குக்குள் வராது. புதிதாக வந்தவரின் டெபிட் கார்டில் பெரிய தொகை ஒன்றைச் சில நாட்கள் பிடித்து வைக்கும் தொல்லையும் இதனால் இல்லை.

எந்தப் பெட்ரோல் என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் வண்டிக்கு ஆக்டேன் எண் 87 உள்ள பெட்ரோல் போதும். ஊரில் 91 போட்டுவிட்டு இங்கே 87-ஆ என்று தயங்க வேண்டாம்; அளக்கும் முறைதான் வேறு, இங்குள்ள 87 ஏறக்குறைய நம் ஊர் 91-க்குச் சமம். ஆனால் கைப்பிடி நிறத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்: இங்கு பெரும்பாலான இடங்களில் பச்சைக் கைப்பிடி என்றால் டீசல். டீசல் மூக்கு தடிமனானது என்பதால் காரின் குறுகிய வாயில் நுழையாமல் எச்சரித்துவிடும். பைக்கின் அகன்ற வாயில் தாராளமாக நுழைந்துவிடும்.

எடிசன் நகரில் இருக்கும் உங்கள் அக்கா கணவர், "எங்கள் பக்கம் ஊழியரே போடுவார்" என்று சொன்னது உண்மைதான். நியூ ஜெர்சியில் 1949-இலிருந்து சட்டமே அப்படி. ஆனால் அங்கும் பைக்கைக் கண்டால் பல ஊழியர்கள் நாசிலை உங்கள் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். சிந்தினால் யார் பொறுப்பு என்பது அவர்களுக்கும் தெரியும்.

இவ்வளவும் செய்தும் சிந்திவிட்டால், பதறி வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கீழே, சூடான சைலன்சர் குழாயைச் சுற்றித்தான் தங்கும். டேங்க்கைத் துடையுங்கள், பின்சக்கர டயரில் பட்டிருக்கிறதா என்று பாருங்கள், வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் ஓரமாக நிறுத்தி, வாடை போகும்வரை காத்திருங்கள். தரையில் கொட்டியிருந்தால் உள்ளே சொல்லிவிடுங்கள். துகள் தூவுவது அவர்களுக்கு இரண்டு நிமிட வேலை.

நனைந்த ஜீன்ஸை என்ன செய்வது என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். அடுக்ககத்தின் பொது டிரையரில் மட்டும் போட்டுவிடாதீர்கள். துவைத்த பிறகும் எஞ்சியிருக்கும் பெட்ரோல் அந்தச் சூட்டில் தீப்பிடித்துக்கொள்ளக்கூடும். பால்கனியில் இரண்டு மூன்று நாள் காற்றாடத் தொங்கவிட்டு, வாடை அறவே போனபின் தனியாகத் துவைத்து, கொடியிலேயே உலர்த்துங்கள். கொடி கட்டக் கூடாது என்று குடியிருப்பு நிர்வாகம் சொன்னால், ஒரு மடக்கு ஸ்டாண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.