தொழில் குற்றமில்லை, அறை குற்றம்!
வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கொல்கத்தாவின் சிவப்பு விளக்குப் பகுதியான சோனாகாச்சியில் பாலியல் தொழில் செய்ய அரசே லைசென்ஸ் கொடுத்திருப்பதாக ஒரு வீடியோவில் பார்த்தேன். 2022-ல் உச்ச நீதிமன்றமும் இதைச் சட்டப்படி சரி என்று சொல்லிவிட்டதாமே? அப்புறம் ஏன் போலீஸ் ரெய்டு? (வாசகர், திருச்சி)

பதில்: லைசென்ஸ் என்று ஒன்று சோனாகாச்சியில் மட்டுமல்ல, இந்தியாவில் எங்குமே கிடையாது. இருப்பது 1956-ல் வந்து 1986-ல் திருத்தப்பட்ட விபச்சாரத் தடுப்புச் சட்டம். கொல்கத்தாவுக்கும் அதுதான், நம்மூருக்கும் அதுதான். வயதுக்கு வந்த ஒரு பெண் தானாக விரும்பி, தனியாக, தன் வீட்டிலேயே இந்தத் தொழிலைச் செய்தால் அது குற்றம் என்று அந்தச் சட்டம் எங்கேயும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பெண்கள் வாடகையைப் பங்குபோட்டுக்கொண்டு ஒரே அறையில் தொழில் செய்தால் அந்த அறை சட்டத்தின் கண்ணில் 'விபச்சார விடுதி' ஆகிவிடும். விடுதி நடத்தியதாக நிரூபணமானால் முதல் தடவையே குறைந்தது ஓராண்டு கடுங்காவல். முன்பின் தெரியாத ஆளோடு அறைக்குள் போகும் ஒரு பெண், பக்கத்தில் இன்னொருத்தி இருந்தால் தேவலை என்றுதானே நினைப்பாள்? அந்தத் துணையைத்தான் சட்டம் பறிக்கிறது.

இன்னும் இருக்கிறது. கோயில், பள்ளிக்கூடம், மருத்துவமனை, ஹாஸ்டல் இவற்றுக்கு 200 மீட்டருக்குள் தொழில் செய்தால் மூன்று மாதம் வரை சிறை. வட கொல்கத்தாவின் அந்த நெரிசலான பழைய சந்துகளில் இதில் ஒன்றுகூட இல்லாத 200 மீட்டரை எங்கே போய்த் தேடுவது? தெருவில் நின்று வாடிக்கையாளரை அழைத்தால் பெண்ணுக்கு ஆறு மாதம் வரை சிறை, அதையே ஓர் ஆண் செய்தால் அதிகபட்சம் மூன்று மாதம்! என்னால் ஜீரணிக்கவே முடியாதது நாலாவது பிரிவுதான். பாலியல் தொழில் வருமானத்தில் தெரிந்தே வாழும், 18 வயதைத் தாண்டிய யாரும் குற்றவாளி. அம்மா அனுப்பும் பணத்தில் கல்லூரிக்குப் போகும் பையனையும் இதில் சேர்க்கலாம், சம்பாதித்துப் போடும் மகளை நம்பியிருக்கும் வயதான தாயையும் சேர்க்கலாம். தொழில் குற்றமில்லை, ஆனால் அதைச் செய்யும் அறை, நிற்கும் தெரு, அந்தக் காசில் பொங்கும் சோறு எல்லாமே குற்றம். போலீஸ் கையில் இத்தனை பிரிவுகள் இருக்கும்போது மாமூல் வாங்குவதற்கு வேறு காரணமா வேண்டும்?

2022-க்கு வருவோம். 1999-ல் கொல்கத்தாவில் ஒரு பாலியல் தொழிலாளி அடித்துக் கொல்லப்பட்டார். அந்தக் கொலைக் குற்றவாளியின் மேல்முறையீட்டை 2011-ல் தள்ளுபடி செய்த உச்ச நீதிமன்றம், அதோடு விடாமல், இந்தப் பெண்கள் கௌரவமாக வாழ என்ன வழி என்று ஆராய ஒரு குழுவை அமைத்தது. புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கு என்பார்கள். குழுவின் பரிந்துரைகள் மீது 2022 மே 19-ல் வந்த உத்தரவைத்தான் 'சட்டபூர்வமாகிவிட்டது' என்று பரப்பினார்கள். பரிந்துரைகள் பத்து, அதில் நாலை மத்திய அரசு ஏற்கத் தயங்கியது. ரெய்டில் பெண்களைக் கைது செய்யக் கூடாது, தொழிலைக் காரணம் காட்டி மட்டுமே தாயிடமிருந்து குழந்தையைப் பிரிக்கக் கூடாது என்பவை அந்த நாலில் அடக்கம். கட்டாயம் நடைமுறைப்படுத்தச் சொன்னது மற்ற ஆறைத்தான். பாலியல் வன்முறைக்கு ஆளானால் உடனே மருத்துவ உதவி, ஆணுறையைக் குற்றத்துக்கு ஆதாரமாக்கக் கூடாது, பத்திரிகைகள் அடையாளத்தை வெளியிடக் கூடாது போன்றவை அந்த ஆறில் உள்ளன. முகவரிச் சான்று இல்லாமலே ஆதார் தரவும் வழி செய்தார்கள். நல்ல உத்தரவுதான், சந்தேகமே இல்லை. ஆனால் 1956 சட்டத்தின் ஒரு வரியும் மாறவில்லை, அதனால்தான் ரெய்டும் நிற்கவில்லை.

கேள்வி: சோனாகாச்சியில் அந்தப் பெண்கள் சம்பாதிப்பது அவர்கள் கையில் நிற்கிறதா? (வாசகி, மதுரை)

பதில்: ஆளைப் பொறுத்தது. சொந்தமாக வாடகை கொடுத்து அறை வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பரவாயில்லை. 'அதியா' முறையில் இருப்பவர்கள் வருமானத்தில் பாதியைத் தொழில் நடக்கும் வீட்டை நடத்துபவளிடம் கொடுத்துவிட வேண்டும். மிச்சம் இருப்பதில் அறைச் செலவு, ஊருக்கு அனுப்பும் பணம், வட்டி. வங்கிக்குப் போனால் முகவரி கேட்பார்கள், அதனால் வட்டிக்காரர்தான் ஒரே கதி என்றிருந்தது. 1995-ல் இந்தப் பெண்களே 'உஷா' என்ற கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். உறுப்பினருக்கு 'நன்னடத்தை' வேண்டும் என்று விதி குறுக்கே நின்றது. இல்லத்தரசி என்று எழுதிக் கொடுங்கள், பதிவு செய்து தருகிறோம் என்று அதிகாரிகள் சொல்லியும் பார்த்தார்கள். இவர்கள் மசியவில்லை, பாலியல் தொழிலாளர் என்ற பெயரிலேயேதான் பதிவு செய்தார்கள். சங்கத்து ஆள் வாசலுக்கே வந்து அன்றைய சேமிப்பை வாங்கிப் போவார், பத்து இருபது ரூபாயாக இருந்தாலும் சரி.

உடல்நலத்திலும் அப்படித்தான். 1992-ல் டாக்டர் ஸ்மரஜித் ஜானா அங்கே எய்ட்ஸ் தடுப்பு வேலையைத் தொடங்கியபோது ஆணுறை பயன்பாடு நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. வெளியிலிருந்து ஆளைக் கொண்டுவந்து பாடம் எடுக்காமல், அந்தப் பெண்களுக்கே பச்சைக் கோட்டு போட்டு வீடு வீடாக அனுப்பினார். சில ஆண்டுகளில் அது 80 சதவீதத்தைத் தாண்டியது. ஒருத்தி மட்டும் ஆணுறை கேட்டால் வாடிக்கையாளர் பக்கத்து அறைக்குப் போய்விடுவார், மாடி முழுக்க ஒரே பேச்சாக நின்றால் எங்கே போவார்?

கேள்வி: இதைக் குற்றமில்லை என்று ஆக்கினால் சிறுமிகளைக் கடத்துவது அதிகமாகாதா? (வாசகர், ஈரோடு)

பதில்: நியாயமான பயம். 18 வயதுக்குக் கீழே என்றால் பேச்சே இல்லை, அது குற்றம், அப்படியே இருக்க வேண்டும். ஆனால் சோனாகாச்சியில் கடத்தப்பட்டு வரும் பெண்ணை முதலில் பார்ப்பது போலீஸ் அல்ல, பக்கத்து அறைப் பெண்தான். அங்கே பாலியல் தொழிலாளர்களின் சொந்த அமைப்பான 'துர்பார்' நடத்தும் சுயகட்டுப்பாட்டு வாரியத்தில் அந்தப் பெண்களோடு டாக்டர், வக்கீல், உள்ளூர்ப் பிரமுகர்களும் இருக்கிறார்கள். புதிதாக யார் வந்தாலும் கூப்பிட்டுப் பேசுகிறார்கள், வயதில் சந்தேகம் வந்தால் எலும்பு எக்ஸ்ரே எடுக்கிறார்கள், மிரட்டிக் கூட்டி வந்ததாகத் தெரிந்தால் வெளியே கொண்டுவந்துவிடுகிறார்கள். தகவல் சொல்லப் போன தன்னையே விடுதி கேஸில் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்ற பயம் இருக்கும்வரை பக்கத்து அறைப் பெண் ஸ்டேஷன் படி ஏற மாட்டாள். நாலாவது பிரிவையும், ஒரே அறையில் சேர்ந்து தொழில் செய்வதைக் குற்றமாக்கும் விதியையும் எடுங்கள் என்று அந்தப் பெண்கள் கேட்பது இதற்கும் சேர்த்துத்தான்.