உரிமைத்தொகை ரெண்டு மாசமா வரலையா? பணம் எந்த பேங்குக்குப் போனதுன்னு முதலில் பாருங்க

சங்கரன்கோவில் பக்கமிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: “மகளிர் உரிமைத்தொகை மாசாமாசம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. ரெண்டு மாசமாக வரவில்லை. பேங்கில் கேட்டால் தாலுகா ஆபீஸ் போங்க என்கிறார்கள், அங்கே போனால் லிஸ்டில் பேர் இருக்கிறது, பேங்கைப் பாருங்க என்று திருப்பி அனுப்புகிறார்கள். நடுவில் குழுக் கடனுக்காக இன்னொரு பேங்கில் கணக்கு ஆரம்பித்தேன், அதைத் தவிர எதையும் மாற்றவில்லை. நான் யாரிடம் போவது?”

சகோதரி, அந்தக் குழுக் கடன் கணக்கின் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு போய் என்ட்ரி போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் உங்கள் பணம் அங்கேதான் கிடக்கும்.

காரணம் இதுதான். ஆதாரை வைத்துப் பணம் அனுப்பும்போது அரசாங்கம் உங்கள் கணக்கு எண்ணைப் பார்ப்பதே இல்லை. ஆதார் எண்ணை மட்டும் அனுப்புகிறது. அந்த ஆதாருக்கு எந்த பேங்க் என்று தேசிய கொடுப்பனவுக் கழகம், அதாவது பேங்க்காரர்கள் என்பிசிஐ என்று சொல்வது, ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, அதில் ஒரு ஆதாருக்கு ஒரே ஒரு பேங்க்தான் இருக்க முடியும், கடைசியாக யார் பதிவு செய்தார்களோ அவர்கள் பெயர்தான் நிற்கும். நீங்கள் பத்துக் கணக்கு வைத்திருந்தாலும் சரி, விண்ணப்பத்தில் எந்தக் கணக்கை எழுதிக் கொடுத்திருந்தாலும் சரி, பணம் அந்த ஒரு பேங்குக்குத்தான் போகும். புதுக் கணக்கு ஆரம்பிக்கும்போது கட்டுக்கட்டாகப் பேப்பரில் கையெழுத்து வாங்குவார்களே, அதில் ‘அரசு மானியங்களை இந்தக் கணக்கில் பெறச் சம்மதம்’ என்று ஒரு வரி இருந்திருக்கும், யாரும் படித்துக் காட்டியிருக்க மாட்டார்கள்.

இது புதுசும் இல்லை. 2017-இல் சிம் கார்டுக்கு ஆதார் சரிபார்க்கப் போனவர்களுக்கு ஏர்டெல் பேமென்ட்ஸ் பேங்கில் அவர்களுக்கே தெரியாமல் கணக்குத் திறந்து, கேஸ் மானியமெல்லாம் அங்கே போய், அந்த டிசம்பரில் ஆதார் ஆணையம் ஏர்டெல்லின் இ-கேஒய்சி உரிமத்தையே, அதாவது ஆதாரை வைத்து ஆளைச் சரிபார்க்கும் உரிமத்தையே, நிறுத்தி வைத்தது. அத்தனை பேரும் மானியம் வரவில்லை என்று கேஸ் ஏஜென்சி வாசலில்தான் நின்றிருப்பார்கள்.

எந்த பேங்க் என்று தெரிந்துகொள்ள எங்கேயும் அலைய வேண்டாம். பட்டன் போனாக இருந்தாலும் *99*99*1# என்று அடித்து, கேட்கும்போது ஆதார் எண்ணைக் கொடுத்தால் போதும், எந்த பேங்கோடு இணைந்திருக்கிறது என்று திரையில் வரும். ஸ்மார்ட்போன் இருந்தால் ஆதார் ஆணையத்தின் ‘மை ஆதார்’ தளத்தில் பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ் என்று இருக்கும், ஆதாரோடு இணைத்த நம்பருக்கு ஓடிபி வரும், இணைத்த தேதியையும் காட்டும். அந்தத் தேதி, பணம் நின்ற மாசத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தால் வேறு விசாரணையே தேவையில்லை.

சரி, பணம் பழைய கணக்குக்கே வர வேண்டும் என்றால்? பழைய பேங்குக்குப் போய் “ஆதார் லிங்க் பண்ணுங்க” என்று மட்டும் கேட்காதீர்கள். “ஏற்கனவே லிங்க் ஆகியிருக்கும்மா” என்று கவுன்டரில் சொல்லி அனுப்பிவிடுவார்கள், அவர்கள் சொல்வதும் பொய் இல்லை, கேஒய்சிக்காக, அதாவது ஆள் அடையாளம் சரிபார்ப்பதற்காக, உங்கள் ஆதார் அங்கே பதிவாகித்தான் இருக்கும். நீங்கள் கேட்க வேண்டியது, “டிபிடி பணம் வர என்பிசிஐ மேப்பிங் பண்ணிக் கொடுங்க” என்று. டிபிடி என்றால் அரசு நேரடியாகக் கணக்கில் போடும் பணம், மேப்பிங் என்றால் மேலே சொன்ன பட்டியலில் உங்கள் ஆதாருக்கு இந்த பேங்க் என்று பதிவது. அதற்குத் தனியாக ஒரு சம்மதப் படிவம் உண்டு, இப்போது எந்த பேங்கிலிருந்து மாற்றுகிறீர்கள் என்று அதில் ஒரு இடம் இருக்கும், அங்கே அந்தப் புது பேங்கின் பெயரை எழுதுங்கள். படிவம் கொடுத்ததற்குச் சீல் வைத்த நகல் வாங்கிக்கொண்டு, சில நாள் கழித்து மறுபடி அந்த *99*99*1# அடித்துப் பாருங்கள். உரிமைத்தொகை போடும் 15-ஆம் தேதிக்கு ரெண்டு நாள் முன்னால் போய் மாற்றிவிட்டு அந்த மாசமே எதிர்பார்க்காதீர்கள்.

மாற்றுவதற்கு முன்னால் ஒன்று யோசியுங்கள். மேப்பிங் மாறினால் உரிமைத்தொகை மட்டும் மாறாது, கேஸ் மானியம், வீட்டில் நிலம் உங்கள் பேரில் இருந்தால் பிஎம் கிசான், நூறு நாள் வேலைச் சம்பளம் எல்லாம் கூடவே நகரும். நூறு நாள் வேலைக்கு 2024 ஜனவரியிலேயே ஆதார் வழிச் சம்பளத்தைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். பேங்க் தூரமாக இருந்தால் தபால்காரர் வீட்டு வாசலிலேயே கைரேகை வைத்துப் பணம் கொடுக்கும் போஸ்ட் பேமென்ட்ஸ் பேங்க் வயசானவர்களுக்கு வசதி, ஆனால் அதற்கும் இதே கதைதான், எல்லாப் பணமும் அங்கே போகும்.

புதுக் கணக்குக்குப் பணம் வந்திருக்கிறது, ஆனால் எடுக்கப் போனால் இருப்பு இல்லை என்றால் அது வேறு பிரச்சனை. தனியார் பேங்குகள் பலவற்றில் மினிமம் பேலன்ஸ் இல்லை என்று பிடித்துவிடுவார்கள், இல்லையென்றால் கடன் தவணைக்கு எடுத்துக்கொள்வார்கள். 2023 செப்டம்பர் 15-இல் திட்டம் ஆரம்பித்த முதல் மாசமே இது நடந்தது. அமைச்சர் தங்கம் தென்னரசு, உரிமைத்தொகையை எதற்கும் கழிக்கக் கூடாது என்று சொல்லி, பிடித்தால் முதல்வரின் உதவி மைய எண் 1100-க்குப் புகார் செய்யச் சொன்னார். கனரா, இந்தியன் வங்கி போன்றவை 2025-இல் சேமிப்புக் கணக்குகளுக்கு அந்த அபராதத்தையே எடுத்துவிட்டன. உங்கள் பேங்க் எடுக்கவில்லையென்றால் அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித்தரச் சொல்லி எழுதிக் கொடுங்கள், அதற்கு மினிமம் பேலன்ஸே கிடையாது. பிடித்த பணத்தைக் கேட்டும் மேனேஜரிடம் எழுத்தில் கொடுங்கள், வாயால் சொன்னது எதுவும் கணக்கில் வராது. 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், 14448-இல் தமிழிலேயே வழி சொல்வார்கள்.

ரெண்டு பேங்கிலும் வரவே இல்லை என்றால்தான் தாலுகா ஆபீஸ். அங்கேயும் “பணம் வரலை” என்று கேட்டால் “லிஸ்டில் பேர் இருக்கு” என்ற பதில்தான் திரும்ப வரும். “அனுப்பின பணம் திரும்பி வந்திருக்கா, வந்திருந்தா என்ன காரணம் காட்டுது” என்று கேளுங்கள். கணக்கு முடங்கியிருந்தாலோ கேஒய்சி புதுப்பிக்காமல் இருந்தாலோ பணம் போன வழியே திரும்பிவிடும். கணக்கைச் சரிசெய்துவிட்டு, நின்ற மாசங்களின் பெயரைக் குறிப்பிட்டு மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். மனுவில் மாசத்தை எழுதாமல் விட்டால் அடுத்த மாசம் முதல் வரும், பழையதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

உங்கள் விஷயத்தில் பேர் இருக்கிறது என்கிறார்கள், அதனால் பயம் இல்லை. பேரே எடுக்கப்பட்டவர்களுக்கு வேறு வழி. வருமானம் ரெண்டரை லட்சத்தைத் தாண்டியது, வருசத்துக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் கரன்ட், வீட்டில் யார் பேரிலாவது கார், இப்படி ஏதாவது ஒரு காரணம் இருக்கும், அதைத் தெரிந்துகொண்டு இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்ய வேண்டும். காரை விற்றிருந்தாலும் ஆர்சியில் பேர் மாறவில்லை என்றால் அது இன்னும் உங்கள் வீட்டுக் கார்தான், இது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. 2023-இல் குறுஞ்செய்தி வந்த 30 நாளுக்குள் மேல்முறையீடு என்று வைத்திருந்தார்கள், எனவே மெசேஜை அழிக்காமல் வையுங்கள்.

அப்புறம், தேதி கொஞ்சம் முன்னே பின்னே ஆவது தாமதம் இல்லை. 2024 பொங்கலுக்கு 10-ஆம் தேதியே போட்டுவிட்டார்கள். 15 தாண்டி ஒரு வாரம் ஆகியும் மெசேஜும் இல்லை, என்ட்ரியும் இல்லை என்றால் அப்போது மேலே சொன்னதை ஆரம்பியுங்கள். நடுவில் யாராவது போன் செய்து “உங்க பணம் நின்னுருக்கு, ஓடிபி சொல்லுங்க” என்றால் பேசாமல் கட் பண்ணுங்கள்.

குழுக் கடன் கணக்கில் அந்த ரெண்டு மாசப் பணம் இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள், அடுத்த தவணைத் தேதி வருவதற்குள்.